விரதம் இருக்கலாம், மாத்திரையை நிறுத்தலாமா?

போன தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் தொடங்கிய மூன்றாம் நாள், ஹாஸ்டலில் என் ரூம்மேட் கட்டிலை விட்டு எழவே இல்லை. தலையைத் திருப்பினா உள்ளே கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குது என்றான். குமட்டல், வியர்வை, தூக்கமும் இல்லை. தண்ணீர் கொடுத்தால் எரிந்து விழுந்தான். பசி மயக்கம் என்றுதான் நான் நினைத்தேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். மனச்சோர்வுக்கு ஒன்றரை வருடமாகச் சாப்பிட்டு வந்த வென்லாஃபாக்சினை, விரதம் தொடங்கிய அன்றே நிறுத்திவிட்டானாம். கேப்சூல் உறை அசைவம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அது முழுப் பொய்யும் இல்லை. பல கேப்சூல்களின் உறை ஜெலட்டின். விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஆனால் அதை மருந்தாளரிடம் கேட்டிருக்கலாமே! அதே மருந்து சாதாரண மாத்திரையாகக் கிடைக்குமா என்று அவர் பார்த்துச் சொல்லியிருப்பார்.

ஏன் இப்படி ஆகிறது? கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மாதக்கணக்கில் ஒரே அளவில் மருந்து வந்தால், மூளை அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். திடீரென்று அதை எடுத்துவிட்டால் சிஸ்டம் ஆடும். எவ்வளவு ஆடும் என்பது மருந்தைப் பொறுத்தது. வென்லாஃபாக்சின் சுமார் 5 மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும். உடலில் அது மாறி உருவாகும் பொருளுக்குச் சுமார் 11 மணி நேரம். ஆக, இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய காலி. ஃபுளுவாக்சிடின் பாதியாகவே பல நாள் எடுக்கும்; தானாக மெதுவாக இறங்கும். பராக்சிடினும் சீக்கிரம் இறங்குகிற வகைதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நிறுத்தியதும் வரும் இந்த அவஸ்தையை, "பார்த்தியா, நோய் திரும்பிடுச்சு" என்றோ, "மருந்துக்கு அடிமையாயிட்டே" என்றோ வீட்டில் சொல்வார்கள். போதைப்பொருள் மாதிரி ஏங்க வைக்கும் மருந்து இல்லை இது. தலைக்குள் கரண்ட் அடிப்பது மனச்சோர்வின் அறிகுறியும் இல்லை. நிறுத்திய சில நாளிலேயே வந்தால் பெரும்பாலும் மருந்து விட்டதன் விளைவு. நோய் திரும்புவது பொதுவாக வாரக்கணக்கில் மெல்ல வரும். ஆனால் அதுவும் வரலாம், அதுதான் பெரிய ஆபத்து. உயிரை விடும் எண்ணம் வந்தால் ஆளைத் தனியாக விடாதீர்கள். 999, இல்லையென்றால் நேராக அவசரப் பிரிவு. பேச ஆள் வேண்டுமென்றால் ஹீல் லைன் 15555 இருக்கிறது.

மருந்தை நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டாக்டரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், சிலருக்கு மாதக்கணக்கில். கடைசிப் படிதான் கஷ்டம். சிட்டாலோபிராமில் 20 மில்லிகிராமே செரட்டோனின் கடத்திகளில் சுமார் 80 சதவீதத்தை அடைத்துவிடும். 40 ஆக்கினாலும் கொஞ்சம்தான் கூடும். அதனால் மேலே பாதியாகக் குறைத்தால் அவ்வளவாகத் தெரியாது, கீழே சின்னக் குறைப்பும் உலுக்கும்.

அன்று மாலையே ரூம்மேட்டை டாக்டரிடம் கூட்டிப் போனேன். திட்டுவார் என்று பயந்தான், அவர் திட்டவில்லை. மருந்தை மறுபடி தொடங்கிய சில நாளில் தலைச்சுற்றல் போய்விட்டது. பால்குடமும் எடுத்தான். இந்த வருட விரதத்துக்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைத்திருக்கிறான்.