உலகம் ஒன்று, விதிகள் வேறு!

1991-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்காக வந்த ‘டார்க் சன்’ பாலைவன உலகை, ‘சாவேஜ் வேர்ல்ட்ஸ்’ என்ற இன்னொரு விளையாட்டின் விதிகளில் ஆட ஆசையா?

● பழைய விளையாட்டின் எண்களை ஒவ்வொன்றாக மாற்ற உட்காராதீர்கள். அந்த உலகின் உயிர்நாடி எதுவென்று முதலில் பட்டியலிடுங்கள்: தண்ணீர்ப் பஞ்சம், உலோகத் தட்டுப்பாடு, செடிகொடிகளைக் கருக்கும் மந்திரம்.

● தாகத்துக்குப் புது விதி எழுத வேண்டாம். சாவேஜ் வேர்ல்ட்ஸில் ஏற்கெனவே உள்ள ‘ஃபெட்டீக்’ (களைப்பு) விதியே போதும்.

● எலும்பு வாளால் தாக்கும்போது இரண்டு பகடைகளிலும் 1 விழுந்தால், வாள் முறியட்டும்.

● மனோசக்திக்கு அதே விதிகளில் ‘சயானிக்ஸ்’ பிரிவு தயாராக இருக்கிறது. டார்க் சன் கடவுளர் இல்லாத உலகம். எனவே பூசாரிகளுக்கு நிலம், நீர், நெருப்பு, காற்றிலிருந்து சக்தி கொடுங்கள்.

● முதலில் ஒரு சின்ன சாகசம் ஆடிப் பாருங்கள். இடறுகிற விதியை மட்டும் திருத்துங்கள், மற்றதைத் தொடாதீர்கள்.