கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா?

வாரண்டி முடிந்து வருஷக்கணக்கான காரையும் டீலரின் சர்வீஸ் சென்டரிலேயே விடுவது இப்போது ஒரு கௌரவமாகிவிட்டது. ஏன் என்று கேட்டால், அப்பா வெளியே விடக் கூடாது என்கிறார், ஆபீஸில் எல்லோரும் அங்கேதான் விடுகிறார்கள், விற்கும்போது ரெக்கார்டு வேண்டும் என்று காரணங்கள் வரும். காருக்கு என்ன வேண்டும் என்ற பேச்சு மட்டும் வராது. வாரண்டி இருக்கும்வரை டீலரிடம் போவதுதான் சரி. இலவச சர்வீஸில் இலவசம் என்பது கூலி மட்டுமே, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு என்பதும் தெரிந்த கதைதான். ஏர்பேக், ஏபிஎஸ், சாவி கோடிங், மென்பொருள் அப்டேட் போன்றவற்றுக்குப் பழைய காரானாலும் டீலரே பொருத்தம். ரீகால் வந்தால் அங்கே இலவசமாகவே செய்து தருவார்கள். டயர், பேட்டரிக்கு அங்கே போக வேண்டியதில்லை. குழப்பமெல்லாம் நடுவில் இருக்கும் வேலைகளில்தான்: பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன், ஏசி, வருடாந்திர சர்வீஸ்.

இந்த வேலைகளுக்கு இரண்டு பில்களின் அடித்தொகையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். பில்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பெனி பெட்டியில் வரும் உதிரிபாகத்தின் எம்ஆர்பி எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் இரு பக்கத்துக்கும் பொது. கூலியில் வித்தியாசம் உண்டு. டீலரிடம் ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி வகுத்த நேரக் கணக்கு இருக்கிறது, அதன் மேல் 18 சதவீத வரியும் சேரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்னப் பட்டறைக்கு ஜிஎஸ்டி பதிவே கட்டாயமில்லை. ஆனால் உண்மையில் பணம் போகும் இடம் இவை இரண்டுமல்ல. எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் போகிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன்சக்கரப் பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லோயர் ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ் வெடித்திருக்கும். அனுபவமுள்ள வெளி மெக்கானிக் ஆர்மைக் கழற்றி, பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியதை ஏற்றி மாட்டிவிடுவார். டீலரிடம் பெரும்பாலும் ஆர்ம் முழுதாகவே மாறும். ஆல்டர்னேட்டரிலும் அப்படித்தான்: பட்டறையில் கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும் மாறும், அங்கே யூனிட்டே மாறும். டீலர் செய்வதைத் தவறென்று சொல்ல மாட்டேன், முழு பாகம் மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும், உத்தரவாதமும் தரலாம். அந்த வசதிக்கான விலையை நாம் தருகிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

அதைவிட எச்சரிக்கை வேண்டியது சர்வீஸோடு ஒட்டிக்கொண்டு வரும் சில்லறைகளில். எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், டெஃப்லான் கோட்டிங், அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு. இவற்றை உங்கள் காரின் கையேட்டில் உள்ள சர்வீஸ் அட்டவணையில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. சின்ன பெட்ரோல் காரின் வருடாந்திர சர்வீஸ் என்பது மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில், ஒரு ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் சுத்தம், பிரேக் பரிசோதனை, பெரும்பாலும் அவ்வளவுதான். மீதியை ஜாப் கார்டில் எழுதுகிறவர் சர்வீஸ் அட்வைசர். அவர் காரின் கீழே படுத்துப் பார்ப்பவர் இல்லை. பார்ப்பவரோடு பேச நமக்கு வாய்ப்பும் இல்லை.

வெளியே போட்டால் டூப்ளிகேட் பாகம்தானே என்பார்கள். பயம் நியாயமானதுதான், போலி பிரேக் பேடு உயிருக்கே உலை வைக்கும். ஆனால் ஒரிஜினலுக்கும் போலிக்கும் நடுவே மூன்றாவது வகை இருக்கிறது. ரானே, பாஷ், லூமாக்ஸ், சென்னை பாடியில் இயங்கும் பிரேக்ஸ் இந்தியா போன்றவை கார் கம்பெனிகளுக்கும் பாகம் தருகின்றன, தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன. சென்னை ஜி.பி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளில் பில்லோடு கிடைக்கும் இவற்றுக்குப் பெரும்பாலும் கம்பெனி பெட்டியைவிட விலை குறைவு. அசல் பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததற்காகத்தான் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே வேலை பார்க்கக் கொடுத்தார்கள் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் அதை எதிர்த்து வழக்குக்குப் போனது தனிக்கதை. ஒரிஜினலைத் தவிர மற்றதெல்லாம் போலி என்ற நம்பிக்கையால் யாருக்கு லாபம் என்பதை ஆணையத்தின் உத்தரவு காட்டிக் கொடுத்துவிட்டது.

மறுவிற்பனை ரெக்கார்டு? நாலைந்து வயதுள்ள காருக்கு அது கொஞ்சம் உதவும். பத்து வயதுக் காரை வாங்க வருபவர் எஞ்சின் சத்தத்தையும் துருவையும் பார்ப்பார். வருடா வருடம் கூடுதலாகக் கட்டிய தொகை அந்த விலையில் திரும்பி வராது. வெளி மெக்கானிக்குகளிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பில் தராதவர், ஸ்கேனர் இல்லாமல் கோளாறை ஊகித்தே பாகம் மாற்றுபவர், எந்தக் காருக்கும் ஒரே ஆயில் ஊற்றுபவர் எல்லாம் உண்டு. பில் இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றத்தில் நிரூபிப்பதும் கஷ்டம். பல கிளைகள் வைத்த மல்டிபிராண்டு கடைகளில் பில் கிடைக்கும், ஆனால் அங்கும் அட்வைசர் உண்டு. முதலாளியே ஸ்பேனர் பிடிக்கும், உங்கள் கார் வகையில் நாலைந்தைத் தினமும் பார்க்கும் ஷெட்தான் என் கட்சி. அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். முதலில் ஆயில் மாற்றக் கொடுங்கள், பிறகு பிரேக், அதன்பின் கிளட்ச். மாமா சொன்னார் என்று முதல் நாளே எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

அடுத்த சர்வீஸுக்கு முன் கையேட்டின் அட்டவணைப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டீலரானாலும் ஷெட்டானாலும் எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள், அட்டவணையில் இல்லாத வரிக்குக் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.