கடல் நீரில் மிதக்கும் நன்னீர்

மதுரை மல்லிகையை அறியாதவர் உண்டோ? 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ அது. ஆனால், மதுரை வட்டாரத் தோட்டங்களுக்குச் செல்லும் மல்லிகை நாற்றுகள் பல இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் வளர்ந்தவை என்பது தெரியுமா? அங்கே மல்லிகைத் தண்டுகளை மணற்பாத்தியில் ஊன்றி, நீர் விட்டு, வேர் பிடித்தபின் வெளியூர்ப் பூ விவசாயிகளுக்கு விற்கிறார்கள்.

இளம் நாற்றுக்கு உப்பு நீர் ஆகாது. தீவைச் சுற்றிலுமோ கடல். பிறகு நல்ல நீர் எங்கிருந்து கிடைக்கிறது?

மழை நீர் மணலில் இறங்குகிறது. அடியிலோ கடல் நீர் ஊறி நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல் நீரின் அடர்த்தி சுமார் 1.025. எனவே, இலேசான நன்னீர் கனமான கடல் நீரின் மேல் மிதக்கிறது. மணல் துகள்கள் நீரோட்டத்தைத் தடுப்பதால் இரண்டும் விரைவில் கலப்பதில்லை.

இந்த நன்னீர் எவ்வளவு ஆழம் இருக்கும்? கடல் மட்டத்திற்கு மேல் அதன் உயரம் h, கீழே அதன் ஆழம் z எனக் கொள்வோம். இரண்டு நீரும் சந்திக்கும் இடத்தில் அழுத்தங்கள் சமம்:

1.000 × (h + z) = 1.025 × z

ஆகவே, z = 40h.

இதுவே கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி. நன்னீர் கடல் மட்டத்திற்கு மேல் 25 செ.மீ. நின்றால், கீழே 10 மீட்டர் வரை நன்னீர் இருக்கும்! (உண்மையில் எல்லை கோடு போட்டாற்போல் இராது, சிறிது கலங்கியே இருக்கும்.)

இந்த 40 என்னும் எண்ணில் ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டம் 10 செ.மீ. தாழ்ந்து, அப்படியே நீடித்தால், அடியிலுள்ள உப்பு நீர் காலப்போக்கில் 4 மீட்டர் மேலேறும். ஆழமாகத் துளையிட்டு, மோட்டார் வைத்து ஒரே இடத்தில் உறிஞ்சினால் உப்பு இன்னும் விரைவில் வரும். ஆழமில்லாத பல ஊற்றுகளில் சிறிது சிறிதாக இறைப்பதே அறிவுடைமை. மழை நீரை மணலில் இறங்க விடுவதும் அவசியம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். கண்ணாடித் தம்ளரில் பாதியளவு உப்பு நீர் எடுத்து, சிறிது மை கலக்குங்கள். அதன்மேல் கரண்டியின் முதுகு வழியாக நல்ல நீரை மெல்ல ஊற்றுங்கள். இரண்டு அடுக்குகள் தெரியும். உறிஞ்சு குழலை மேலாக வைத்து மெதுவாக உறிஞ்சினால் தெளிந்த நீர் வரும். ஆழ வைத்து வேகமாக உறிஞ்சினால் மை நீர் வரும்.

உங்கள் வீட்டில் நாற்றுப் பாத்தி வைத்திருந்தால், இச்சோதனையைப் பெரியவர்களுக்கும் செய்து காட்டுங்கள்.