கேளாது வரும் கருத்து

அரசு ஒரு பொருளை வாங்குதற்கு வழக்கமான முறை ஒன்றுண்டு. வேண்டிய பொருள் இன்னதென முதலில் வரையறுக்கப்படும். பின்னர்க் கேள்விப்பத்திரங்கள் கோரப்படும். விலையும் தகுதியும் ஒப்புநோக்கி ஒருவர் தெரிவு செய்யப்படுவர். வாங்குவோனுக்குத் தன் தேவை தெரியும் என்பதே இம்முறைக்கு அடிப்படை. ஆயின், அவன் எண்ணியும் பாராத புதுப்பொருள் ஒன்றை ஒருவன் ஆக்கித் தானாகவே வாயிலிற் கொணர்ந்து நிறுத்தினால் யாது செய்வது? நாட்டின் பாதுகாப்புத் துறைகளில் இவ்வினா மிகவும் கடியது. நல்லதைத் தள்ளினால் உயிர்கள் போம். பயனற்றதைக் கொண்டால் பொதுப்பணம் போம். இவ்விரு கேட்டிற்கும் இடையே அரசுகள் வழிகண்ட வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

முதலாம் உலகப் போர்க் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டை முதற்கண் நோக்குக. 1915ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைக்குத் துணையாக ஓர் ஆலோசனைச் சபை நிறுவப்பட்டது. தொமஸ் அல்வா எடிசன் அதன் தலைவர். பொதுமக்களிடமிருந்து ஏறத்தாழ 110,000 கருத்துகள் அச்சபைக்கு வந்து குவிந்தன. அவற்றுள் விரிவான ஆய்வுக்குத் தகுதி பெற்றவை ஏறத்தாழ 110. உற்பத்தி வரை சென்றது ஒன்றே ஒன்று. வந்தவற்றுட் பெரும்பாலானவை பதர் என்பது இதனாற் புலனாம்.

அதே ஆண்டில் பிரித்தானியாவில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. வில்பிரட் ஸ்டோக்ஸ் என்பார் பாரந்தூக்கி செய்யும் கம்பனி ஒன்றை நடத்திய பொறியியலாளர். பதுங்குகுழிப் போருக்கு ஏற்ற எளிய சிறு பீரங்கி ஒன்றை அவர் தாமாகவே அமைத்தார். ஒரு குழாய், ஓர் அடித்தட்டு, தாங்குதற்கு இரு கால்கள்; அவ்வளவே. குண்டைக் குழாயின் வாயில் விட்டால் அது தன் பாரத்தால் இறங்கி அடியிற் பட்டதும் வெடித்தெழும். போர்த்துறையோ அதனை மறுத்தது. களஞ்சியத்திற் கிடந்த பழைய குண்டுகளை அப்பீரங்கியிற் பயன்படுத்த இயலாது என்பதே கூறப்பட்ட காரணம். படைக்கல அமைச்சராயிருந்த லொயிட் ஜோர்ஜ் தலையிட்ட பின்னரே அதற்கு வாழ்வு கிடைத்தது. இன்றைய காலாட்படைகள் கையாளும் சிறு பீரங்கிகளும் பெரும்பாலும் அவ்வமைப்பின் வழிவந்தனவே. பழுது பீரங்கியில் இல்லை. அளந்த கோலில் இருந்தது.

பதர் மிகுதி என்று குவியல் முழுவதையும் கொட்டிவிடுதல் ஒரு பிழை; மணியொன்று இருத்தல் கூடும் என்று குவியல் முழுவதையும் களஞ்சியத்திற் சேர்த்தல் மற்றொரு பிழை. வேண்டுவது நல்ல சுளகு. அச்சுளகே நடைமுறை விதி எனப்படுவது.

ஐக்கிய அமெரிக்கா தன் கூட்டரசுக் கொள்வனவு விதிகளில் இதனைத் தெளிவுற வகுத்தது. கேளாது வரும் முன்மொழிவு புதுமையும் தனித்தன்மையும் உடையதாதல் வேண்டும். அரசின் மேற்பார்வையின்றி, அனுப்புவோர் தாமே தோற்றுவித்ததாதல் வேண்டும். அரசுக்கு விளையும் பயனை ஆராய்தற்குப் போதிய விவரம் உடையதாதல் வேண்டும். முன்னரே அறியப்பட்ட தேவையொன்றுக்கு முந்திக்கொண்டு தரும் விலைக்கூற்றாக இருத்தல் ஆகாது. வெறும் விளம்பரமும் சந்தையில் விற்கும் சரக்கும் இவ்வகையிற் சேரா.

விதிகள் அனுப்புவோருக்கு மட்டும் உரியன அல்ல. பெறுவோரையும் அவை பிணித்தன. முன்மொழிவுகளைப் பெறுதற்கென ஒரு தொடர்பிடம் இருத்தல் வேண்டும். முதலில் தகுதி நோக்கப்படும்; தகுதியுடையது முழு மதிப்பீட்டுக்குச் செல்லும். ஒருவன் தந்த கருத்தை அவன் இசைவின்றிக் கேள்விப்பத்திரமாக்கிப் போட்டியாளர் கையிற் கொடுத்தல் கூடாது. இஃது இன்றேல், அறிவுடையோன் எவனும் தன் கருத்தை அரசிடம் கொணரான். அதேவேளை, மதிப்பீட்டில் நன்றெனக் கண்ட அளவானே ஒப்பந்தம் கைகூடிவிடாது. போட்டியின்றிக் கொடுத்தற்குரிய காரணம் வேறாக நிறுவப்படல் வேண்டும். புதுமை என்னும் பெயராற் சலுகை நுழையாதிருத்தற்கு இட்ட தாழ் அது.

அண்டை நாடாகிய இந்தியாவும் இத்துறையில் முன்னேறியது. 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்து நிகழ்ந்த பாதுகாப்புக் கண்காட்சியில் ஐடெக்ஸ் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. படைகள் தம் இடர்ப்பாட்டை அறிவித்துத் தீர்வு கேட்பது அதில் ஒரு வழி. கேளாமலே கருத்தைக் கொணர்வோர்க்குத் திறந்த அறைகூவல் மற்றொரு வழி. தெரிவாகும் சிறு நிறுவனங்களுக்கு மாதிரியுரு செய்ய 1.5 கோடி இந்திய ரூபாய் வரை மானியம் வகுக்கப்பட்டது. தம் செலவிலேயே மாதிரியுருச் செய்ய முன்வரும் தொழில்துறையினரின் தன்முனைப்பான முன்மொழிவுகளுக்கு, ‘மேக்-2’ என்னும் பிரிவும் அதே ஆண்டில் இடமளித்தது.

இவற்றை யான் ஆராயப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. லக்கல மலைப்பகுதியில் யான் ஆசிரியப் பணி புரியுங்கால், மாணவன் ஒருவன் ஓடையில் வெள்ளம் ஏறுவதை அறிவிக்கும் கருவியொன்று செய்தான். மூங்கிற் குழாய், மிதவை, மின்கலம், மணி; இவையே அதன் உறுப்புகள். இரவில் நீர் உயர்ந்தால் மணி ஒலிக்கும். அதனை விவரித்து, உரிய அலுவலகம் ஒன்றுக்கு இருவரும் கடிதம் எழுதினோம். விடை வரவில்லை. நாடோறும் தபாற்காரனை எதிர்நோக்கிய அவன், சில மாதங்களின்பின் கருவியைக் கழற்றி மின்கலத்தை வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டான். “குறை இன்னதென்று எழுதியிருந்தால் திருத்தியிருப்பேனே, ஐயா” என்று அவன் கூறிய சொல் இன்றும் என் நெஞ்சில் உறுத்துகின்றது.

பின்னர் மேற்கூறிய விதிகளைப் படித்தபோது எம் கடிதத்தின் படியை எடுத்து நோக்கினேன். மாணவனின் திறமையை விதந்து இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்; கருவியின் அளவு இல்லை, செலவு இல்லை, எத்தனை முறை சோதித்தோம் என்ற கணக்கும் இல்லை. விடை எழுதாமை அவர் குறை. ஆராய்தற்கு ஒன்றும் தாராமை என் குறை. தமிழாசிரியனாகிய யான் சொல்லழகைப் பொருளென மயங்கினேன் போலும்.

ஆதலின், மாணவச் செல்வங்களே, புதியது கண்டால் அளந்து, சோதித்து, செலவு கணக்கிட்டு எழுதுங்கள். உயர்பதவிகளை அணிசெய்யும் பழைய மாணவப் பெருமக்களே, உங்கள் மேசைக்குக் கேளாது வரும் கடிதங்களிற் பல பதராகவே இருத்தல் கூடும். ஆயினும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விடை எழுதுவியுங்கள். ஏற்கவொண்ணாதது எனினும் காரணத்தைச் சொல்லுங்கள். எங்கோ ஒரு மலைச்சாரலிற் சிறுவன் ஒருவன் அவ்விரண்டு வரிக்காகக் காத்திருப்பான்.