குறைந்தபட்சக் கூலியும் குடும்பச் செலவும்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் உப்பங்கழியும் சூழ அமைந்துள்ளது காட்டுப்பள்ளி. இங்கே 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும், 2013இல் சரக்குப் பெட்டகத் துறைமுகமும் பணி தொடங்கின. வலையை நம்பியிருந்த ஊர்களில் இன்று ஒப்பந்தக்காரரின் கூலியும் பேச்சுக்கு வந்துவிட்டது. “இந்தக் கூலி போதுமா?” என்று ஊரார் வினவினால், பஞ்சாயத்து உறுப்பினர் எந்த அளவுகோலைக் கொண்டு விடை பகர்வது?

1957 ஜூலையில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அவ்வளவுகோலை வகுத்தளித்தது. உழைப்பவருக்கு ஓர் அலகு, மனைவிக்கு 0.8, குழந்தைகள் இருவருக்குத் தலைக்கு 0.6, ஆக மூன்று அலகுகள். அலகொன்றுக்கு நாள்தோறும் 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. எளிய வீட்டின் வாடகை. எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுகளுக்கென மொத்தக் கூலியில் நூற்றுக்கு 20 பங்கு. பின்னர் 1991இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 பங்கு சேர்த்தது. நாற்று நட்டு, குடமும் சுமக்கும் பெண்ணுக்கு ஏன் 0.8 என்று கேட்போர் உண்டு, அக்கேள்வி நியாயமானதே. வயதான பெற்றோரோ கணக்கிலேயே இல்லை.

இக்கணக்கில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்தின் உணவு, துணி, வாடகை ஆகியன மாதம் 11,000 ரூபாய் எனக் கொள்வோம். அத்துடன் நூற்றுக்கு 45 கூட்டி, 15,950 என முடித்துவிடுவது தவறு. 20, 25 என்னும் பங்குகள் மொத்தக் கூலியின் பங்குகளாகும். ஆகவே 11,000 என்பது மொத்தத்தில் 55 பங்கே. மொத்தம் 20,000 ரூபாய். ஒரு சிறு பிழையால் குடும்பம் இழப்பது மாதம் 4,050 ரூபாய்!

விலைவாசி ஏறுவதை நுகர்வோர் விலைக் குறியீட்டெண் காட்டும். அதற்கேற்பப் பஞ்சப்படி உயரும். ஆயினும் அவ்வெண் கடை விலையை மட்டுமே அறியும். கழியில் தாமே பிடித்த இறாலையும், கரையில் பொறுக்கிய விறகையும் ஒரு குடும்பம் இழந்து, அவற்றைக் காசு கொடுத்து வாங்க நேர்ந்தால், விலை ஏறாமலே செலவு ஏறிவிடுகிறது. குறியீட்டெண்ணில் இது தெரியாது. ஆகையால் கழியோர ஊர்களில் பஞ்சாயத்தே நாலைந்து வீடுகளின் செலவைக் கேட்டு எழுதிவைத்தல் நலம்.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குப் பதிலாக, 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு குறைகூலிக்கு ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டியிருந்தது; இப்போது மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. கூலிச் சீட்டு வழங்குவது முதலாளியின் கடமை. கூலி கொடுக்கப்பட்டதென மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையதே, தொழிலாளியுடையதன்று. ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறினால், நிறுவனத்தின் உரிமையாளர் அக்கூலிக்குப் பொறுப்பாவார்.