மார்கழி வெயிலில் ஒரு கிலுகிலுப்பைச் செடி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழி வெயில் தெளிந்ததும் பெரம்பலூர், அரியலூர் பக்கம் வண்ணத்துப்பூச்சி பார்க்கக் கிளம்பலாம். பூக்கள் வற்றும் தை மாதக் கடைசி வரை அவகாசம் உண்டு. பச்சைமலை அடிவாரம் நல்ல இடம். கரைவெட்டி ஏரிக்கரையும் அப்படித்தான். 2024இல் ராம்சர் தகுதி பெற்ற அந்த ஏரியில் எல்லோரும் பறவைகளைப் பார்த்து நிற்க, கரைச் செடிகளை யாரும் கவனிப்பதில்லை.

காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். உடல் சூடேறாமல் வண்ணத்துப்பூச்சியால் பறக்க முடியாது. இறக்கையை விரித்து வெயில் காயும் அந்த நேரத்தில்தான் கிட்டத்தில் பார்க்கலாம். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. விழுந்தால் பறந்துவிடும்.

அடுத்து, செடியைத் தேடுங்கள். பூச்சியைத் துரத்திப் பயனில்லை. வரப்பிலும் தரிசிலும் மஞ்சள் பூவோடு, ஆட்டினால் காய்க்குள் விதை குலுங்கும் கிலுகிலுப்பை நிற்கும். பூத்துக் குலுங்கும் செடியைவிட வாடியதும் ஒடிந்ததும் மேல். நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவற்றின் ஆண்கள் அதில் மொய்த்துக் கிடக்கும். தேனுக்காக அல்ல. வாடிய இலையிலும் காயிலும் உள்ள ஆல்கலாய்டை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் மணப்பொருளை அதிலிருந்துதான் செய்துகொள்கின்றன. பறவைகள் அவற்றைத் தின்னாமல் ஒதுக்குவதற்கும் அந்தச் சத்து உதவுகிறது. கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள், உங்களை மறந்துவிடும்.

பிறகு அதே செடியை மெல்லத் தட்டுங்கள். வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்பும் புள்ளியிட்ட சிறு பூச்சி எழுந்து, நாலடி தள்ளி உட்காரலாம். அது பகலிலும் பறக்கும் யுடெதீசா அந்துப்பூச்சி. அதன் புழு கிலுகிலுப்பைக் காய்க்குள் இருக்கும் விதையைத் தின்று வளர்கிறது. அந்துப்பூச்சியை அடையாளம் காண உணர்கொம்பைப் பாருங்கள். நுனி தீக்குச்சித் தலைபோல் தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி. நூல் போலவோ சீப்பு போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. கரிய இறக்கையில் கண்ணாடிச் சன்னலும் உடலில் மஞ்சள் பட்டையும் கொண்ட அமாட்டா அந்துப்பூச்சி, குளவியைப் போலவே தெரியும். கொட்டாது, பயப்பட வேண்டாம். வீட்டு இட்லிப்பூச் செடியில் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் அந்துப்பூச்சிதான். தேன்சிட்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதன் இறக்கைச் செதில்கள் முதல் பறத்தலிலேயே உதிர்ந்துவிடும்.

எருக்கஞ்செடியில் ஆரஞ்சு நிற வெந்தய வரியனைக் கண்டால் பின்னிறக்கையை எண்ணிப் பாருங்கள். நடுவில் மூன்று கரும்புள்ளி இருந்தால் பெண், நான்கு இருந்தால் ஆண். ஓரத்தில் ஒரே ஒரு புள்ளியென்றால் அது வெந்தய வரியனே அல்ல. அதன் வேடம் போட்ட டனாயிட் எக்ஃப்ளை பெண். நச்சில்லாத அதைப் பறவைகள் வெந்தய வரியன் என்று நம்பி விட்டுவிடுகின்றன.

வெயில் ஏறியதும் லாடபுரம் மயிலூற்று ஓடைக்கரை போன்ற ஈர மணலைப் பாருங்கள். ஆண் வண்ணத்துப்பூச்சிகள் உப்புச்சத்துக்காகக் கூட்டமாக இறங்கியிருக்கும். தேதி, நேரம், செடியின் பெயர் மூன்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்தால் மறந்துபோகும்.

பருத்தி, மக்காச்சோளக் காட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரப்பைச் சுத்தம் செய்யும்போது ஓரத்தில் நாலு கிலுகிலுப்பையை விட்டுவையுங்கள், அதன்மேல் மருந்து படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.