பார்த்தீனியம்: பூக்குமுன் பிடுங்குவோம்

பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த காணிக்குத் திரும்பும்போது, அங்கு பசுமையாகத் தெரிவதெல்லாம் மாட்டுக்கு உணவாகாது. வெறுந்தரையில் முதலில் பரவுவது பல இடங்களில் பார்த்தீனியமே. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளுக்குரிய இக்களை, 1987 இல் வந்த இந்தியப் படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு இங்கு வந்ததெனக் கருதப்படுகிறது. 1999 இல் இது வவுனியாவில் இனங்காணப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் பரவியுள்ளது.

இனங்காண்பது எப்படி?

இளஞ்செடியின் இலைகள் நிலத்தோடு படிந்து வட்டமாக விரியும். அவை கரட் இலைபோல ஆழமாகப் பிளந்திருக்கும். பின்னர் தண்டு நிமிர்ந்து கிளைவிட்டு, 3 முதல் 5 அடி வரை வளரும். நுனியில் சிறு வெள்ளைப் பூக்கள் நிறைந்திருக்கும். முளைத்து 4 முதல் 6 வாரங்களில் பூக்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 இற்கு மேற்பட்ட விதைகளைத் தரக்கூடும். மண்ணில் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

தீங்குகள்

இச்செடியில் பார்த்தெனின் என்னும் நஞ்சு உண்டு. புல் இருக்கும்வரை மாடுகள் இதைப் பெரும்பாலும் தவிர்க்கும். புல் அற்றுப்போனால் தின்னும். அதனால் வாய்ப்புண், தோற்புண், உரோமம் உதிர்தல் ஏற்படும், பால் கசக்கும். அதிகம் தின்றால் இறக்கவும் கூடும். மனிதருக்குத் தோல் அரிப்பு, தும்மல், தொய்வு என்பன உண்டாகும்.

செய்ய வேண்டியவை

1. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத காணியில் கால்வைக்க வேண்டாம்.
2. மழைக்குப் பின், மண் ஈரமாயிருக்கும்போது, பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.
3. கையுறை இல்லையேல் கைகளில் பொலித்தீன் பை கட்டுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள். தொய்வு உள்ளவரும் சிறுவரும் விலகியிருக்கட்டும்.
4. பூக்காத செடியைக் கூட்டெருவுக்கு இடலாம். பூத்ததை உரப்பையில் கட்டி, அவ்விடத்திலேயே எரியுங்கள். புகை படாமல் நில்லுங்கள்.
5. பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடவேண்டாம். புல் மூடும்வரை மாடுகளை அங்கு மேயவிடாதீர்கள். வேலியோரத்தில் ஆவரசு, தகரை வளரட்டும்.
6. களையுள்ள இடத்திலிருந்து எரு, மணல், வைக்கோல் ஏற்றாதீர்கள். உழவு இயந்திரத்தின் சில்லுகளைக் கழுவுங்கள்.
7. நோய்க்குறி கண்ட மாட்டை வேறிடத்தில் கட்டி, கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒருமுறை பிடுங்கியதோடு வேலை முடியாது. ஒவ்வொரு மழைக்குப் பின்பும் புதிய செடிகள் முளைக்கும். ஒருவர் பிடுங்க, அயற்காணியில் பூத்தால் உழைப்பு வீணாகும். எனவே பொது மேய்ச்சல் தரையை ஊராக ஒன்றுகூடித் துப்புரவு செய்வதே பயன்தரும்.

கலந்துரையாட:

1. எமது ஊரில் இக்களை எங்கெங்கே நிற்கிறது?
2. அடுத்த மழைக்குப் பின் யார், எந்நாளில், எப்பகுதியைப் பொறுப்பேற்பது?